பூஞ்சாணத்தின் சாயமும் செம்மண் இரும்பும்

ஓசூர் தொழிற்பேட்டைகளில் கழித்துப்போடும் பைன் மரப் பேலட்டுகளை நம்ம பக்கத்து ஊர்களில் நிறையப் பேர் வாங்கி வர்றாங்க. அடுப்புக்குப் போக மிச்சமானது வேலியோரம் ஈரத்தில் சில மழைக்காலம் கிடந்தால், சில கட்டைகள் பழுப்பாகி, குறுக்கும் நெடுக்கும் வெடித்து, கட்டம் கட்டமாக உதிரும். விரலில் தேய்த்தால் காப்பித்தூள் மாதிரி ஆயிடும். கரையான் என்று நினைப்பாங்க. கரையான் என்றால் மண்ணும் பொந்தும் இருக்கும். இது பூஞ்சாணத்தின் வேலை. பழுப்பு மக்கல் என்று வைத்துக்கொள்வோம்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டில் விழுந்த மரங்களில் அதிகம் பார்ப்பது வேறு வகை. கட்டை வெளுத்து நார் நாராகப் பிரியும். அந்த வெள்ளை மக்கலில், மரத்துக்கு இறுக்கம் தரும் லிக்னினையும் பூஞ்சாணம் சிதைத்துவிடும். பழுப்பு மக்கலில் லிக்னினை ஓரளவு மாற்றி, பெரும்பகுதியை அப்படியே விட்டுவிட்டு, அது பொதிந்து வைத்திருக்கும் செல்லுலோஸ் நாரை எடுத்துக்கொள்ளும். பூட்டை உடைக்காமல் வீட்டுக்குள் எப்படிப் போச்சு?

இங்கேதான் நிறமி வருது. செல்லுலோஸை அறுக்கும் நொதிகள் உருவத்தில் பெரிசு. நல்ல மரத்தின் செல்சுவருக்குள் அவை நுழையாது. அதனால் பூஞ்சாணம் சின்னச் சின்னப் பொருள்களை முன்னால் அனுப்புது. முதலில் ஆக்சாலிக் அமிலம். மரத்திலும் மண்ணிலும் துரு நிலையில் இருக்கும் இரும்பை இது கரைத்துப் பிடிக்கும். துரு நிலை இரும்பு சும்மா கிடக்கும். நிறமி அதற்கு ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து உசுப்பிவிடுது. உசுப்பிய இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடைத் தொட்டதும் ஹைட்ராக்சில் என்ற துகள் பிறக்கும். கண்ணிமைக்கும் நேரம்கூட அது நிற்காது. அதற்குள் பக்கத்தில் இருப்பதை அறுத்துவிடும். அதன் பிறகுதான் நொதிகளுக்கு வழி.

தன் இழையே அறுபடாதா என்று கேட்கலாம். இழைக்குப் பக்கத்தில் ஆக்சாலிக் அமிலம் கெட்டியாக இருப்பதால் இரும்பு கட்டுண்டே கிடக்கும். தள்ளி, மரத்துக்கு உள்ளே போனால்தான் வேலை நடக்கும். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் நடப்பதை 1894-ல் விவரமாக எழுதியவர் ஆங்கிலேய வேதியியலாளர் பென்டன். அவர் சோதித்தது டார்டாரிக் அமிலத்தை, அதாவது நம்ம புளியின் புளிப்பை! சாயக்கழிவு நீரில் நிறம் எடுக்க இன்றைக்கும் இதே முறை உண்டு. கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டு மரங்களை அரிக்கும் செர்புலா லாக்ரிமான்ஸ் என்ற பூஞ்சாணம் இமயமலைக் காடுகளில் இயற்கையாகவே வாழ்கிறது. 2011-ல் அதன் மரபணுத் தொகுப்பை ஆராய்ந்தவர்கள், இரும்பை உசுப்புவது வேரிகேட்டிக் அமிலம் என்ற அதன் நிறமி என்று காட்டினார்கள். கீறினால் நீலமாக மாறும் சில காளான்கள் உண்டே, அவற்றிலும் இதே நிறமிதான். மர வேரோடு கூட்டு வாழும் பாக்சில்லஸ் காளானில் இன்வொலூட்டின் என்ற நிறமி இதே வேலையைச் செய்வதை ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். அது மண்ணிலுள்ள மட்கைத் திறந்து தழைச்சத்தை எடுக்கிறது.

நமக்கு என்ன வந்தது? பழுப்பு மக்கலில் மிஞ்சும் தூள் பெரும்பாலும் லிக்னின். சீக்கிரம் கரையாது, மண்ணில் நெடுநாள் நிற்கும், ஈரம் பிடிக்கும். கேழ்வரகை மானாவாரியில் போடும் நமக்கு இது சின்ன விஷயமில்லை. பேலட்டையும் மாங்கிளைக் கழிவையும் கொளுத்துகிறவர்கள் இதைத்தான் கொளுத்துறாங்க.

கட்டை மண்ணைத் தொட்டபடி, நிழலில், ஈரமாகக் கிடக்கட்டும். அடிக்கடி புரட்டினால் இழை அறும். டிரைக்கோடெர்மாவை அதன் மேல் ஊற்றாதீங்க. அது மற்ற பூஞ்சாணங்களைத் தாக்கும் இனம். பச்சை மரத்தூளை மண்ணுக்குள் புதைத்தால் பயிருக்கான தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். நான் மாமரத்தைச் சுற்றி மேலாகத்தான் பரப்புறேன்.

பேலட் எடுக்கும்போது முத்திரையைப் பாருங்க. எச்.டி. என்றால் சூடு காட்டியது, எடுக்கலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வேண்டாம். பெயின்ட் அடித்தது, ஆயில் ஊறியது, ஒட்டுப்பலகை இதெல்லாம் தோட்டத்துக்குள்ளேயே வரக்கூடாது.