ஏப்ரலில் எறிவது, ஜூனில் வாங்குவது



சில ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் மாதக் கடைசியில், உறவினர் மகனை அழைத்து வருவதற்காக ஒரு கல்லூரி விடுதிக்குச் சென்றிருந்தேன். தேர்வுகள் முடிந்து மாணவர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படி ஓரத்தில் ஒரு பெரிய குவியல். பிளாஸ்டிக் வாளிகள், குவளைகள், பாய்கள், தலையணைகள், ஒரு கால்குலேட்டர், பெயர் கூட எழுதப்படாத பாடநூல்கள். அங்கே கூட்டிக்கொண்டிருந்த அம்மா ஒரு வாளியைத் தூக்கிக் காட்டினார். "ஒரு கீறல் கூட இல்ல பாருங்க சார். இப்ப இதக் குப்பை வண்டியில ஏத்துவோம். ஜூன் மாசம் புதுப் பசங்க வந்து இதே மாதிரி வாளியக் கடையில வாங்குவாங்க. வருசா வருசம் இதான் நடக்குது" என்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் சொன்னதே மனதில் ஓடியது. கொடுக்க மனமுள்ளவர் இருக்கிறார். தேவையுள்ளவரும் இருக்கிறார். இருவருக்கும் நடுவே இரண்டு மாத இடைவெளி. அந்த இரண்டு மாதமும் பொருளைப் பத்திரமாக வைக்க ஓர் அறை இல்லை. நல்ல பொருள் குப்பையாவதற்குப் பல நேரங்களில் காரணம் இவ்வளவுதான்.

நம் திருச்சி கல்லூரிகளின் நகரம். நாகப்பட்டினத்தில் 1844-இல் தொடங்கி 1883-இல் இங்கு வந்த தூய வளனார் கல்லூரி, 1923-இல் தொடங்கிய திருச்சிலுவைக் கல்லூரி, பிஷப் ஹீபர் கல்லூரி, ஜமால் முகமது கல்லூரி, ஸ்ரீரங்கம் தீவில் ஸ்ரீமத் ஆண்டவன் கல்லூரி, 1982-இல் உருவான பாரதிதாசன் பல்கலைக்கழகம், துவாக்குடி என்.ஐ.டி. என்று பட்டியல் நீளும். ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள், போகிறார்கள். அவர்கள் விட்டுச் செல்லும் பொருள் எங்கே போகிறது?

நம் நகரின் குப்பை பல பத்தாண்டுகளாக அரியமங்கலம் கிடங்கில்தான் கொட்டப்பட்டது. நாற்பது ஏக்கருக்கும் மேற்பட்ட இடத்தில் அது மலையாகக் குவிந்தது. தீப்பிடித்துப் புகை சூழ்ந்த நாள்களை அப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு பெரும் செலவில் அந்தப் பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, பிரிக்க வேண்டியதாயிற்று. நாம் எறிந்த பொருள் மறைந்துவிடுவதில்லை. இன்னொருவர் வீட்டு வாசலில் போய்ச் சேருகிறது. அந்த வாசல் பெரும்பாலும் ஏழையின் வாசல்.

மறுபயன்பாடும் மறுசுழற்சியும்

இவ்விரண்டையும் நாம் ஒன்றாகவே நினைக்கிறோம். ஆனால் வேறுபாடு உண்டு. வாளியை வாளியாகவே இன்னொருவர் பயன்படுத்தினால் அது மறுபயன்பாடு. அதற்குத் தேவை கொஞ்சம் சோப்பும் தண்ணீரும்தான். அதே வாளியை உடைத்து, உருக்கி, வேறு பொருளாக்கினால் அது மறுசுழற்சி. அதற்கு மின்சாரம், எரிபொருள், லாரி, ஆள் எல்லாம் வேண்டும். உருக்க உருக்கப் பிளாஸ்டிக்கின் தரமும் குறையும். காகிதமும் அப்படித்தான். ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் அதன் நார் குட்டையாகிறது. ஆகவே முதலில் தேவையின்றி வாங்காமல் இருப்பது, அடுத்து மறுபயன்பாடு, அதன் பிறகே மறுசுழற்சி என்ற வரிசை முக்கியம்.

கல்லூரியில் இதை எப்படிச் செய்யலாம்? கடைசித் தேர்வு வாரத்தில் விடுதியின் ஒவ்வொரு தளத்திலும் பெட்டிகள் வைக்கலாம். வந்து சேரும் பொருள்களை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, அப்படியே பயன்படுபவை: வாளி, பாய், பாடநூல், மேசை விளக்கு, நல்ல துணி. இவற்றைக் கழுவி, உலர்த்தி, மழை படாத ஓர் அறையில் ஜூன் வரை வைக்க வேண்டும்.

இரண்டாவது, பழுது பார்த்தால் பயன்படுபவை: சைக்கிள், மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி. பொறியியல், ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு இவை நல்ல செய்முறைப் பாடம்.

மூன்றாவது, பழைய பேப்பர்க் கடைக்குச் செல்பவை: எழுதிய நோட்டுகள், அட்டைகள். நோட்டுகளில் மீதமுள்ள வெள்ளைத் தாள்களை முதலில் கிழித்தெடுத்துத் தைத்தால் புது நோட்டு கிடைக்கும்.

நான்காவது, மின்னணுக் கழிவு: பழைய கைப்பேசி, சார்ஜர், பேட்டரி. இவற்றைக் குப்பையில் போடக் கூடாது. செம்புக்காக ஒயர்களைத் திறந்த வெளியில் எரிக்கும்போது எழும் புகை கொடிய நஞ்சு. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் இவற்றை ஒப்படைக்க வேண்டும்.

இது புதிய யோசனை அல்ல. 2023 மே மாதம் நடுவண் அரசின் தூய்மை இயக்கத்தின் கீழ், பழைய துணி, நூல், பிளாஸ்டிக் ஆகியவற்றைப் பெற்றுக்கொள்ளும் மையங்கள் நாடெங்கும் நகரங்களில் திறக்கப்பட்டன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்வியாண்டு முடிவில் சேகரித்து, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் குறைந்த விலைக்குத் தருவது வழக்கம்.

கொடுக்கும் முறை

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏழை மாணவன் ஒருவனைப் பெயர் சொல்லி அழைத்து, எல்லார் முன்னும் பழைய வாளியைக் கொடுத்தால் அவன் வாங்குவானா? வாங்கினாலும் அவன் மனம் நோகாதா? பழைய ஏற்பாட்டில் ரூத்து கதிர் பொறுக்க வந்தபோது, போவாசு தம் வேலையாள்களிடம் அவளை இழிவாகப் பேச வேண்டாம் என்றும், அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சில கதிர்களை உருவிப் போடுங்கள் என்றும் சொன்னார் (ரூத்து 2:15-16). பெறுகிறவர் தலை குனியாதபடி கொடுத்தார். அதனால்தான் ஜூன் மாத அறை எல்லா மாணவருக்கும் திறந்திருக்க வேண்டும். ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ விலை வைக்கலாம். பணக்கார வீட்டுப் பிள்ளையும் அங்கே வாங்கட்டும். அப்போது யாரும் யாரையும் ஏழை என்று பார்க்க மாட்டார்கள்.

அன்ஷு குப்தா 1999-இல் தொடங்கிய 'கூன்ஜ்' அமைப்பும் இதையே செய்கிறது. கிராம மக்கள் கிணறு தோண்டுகிறார்கள், பாதை போடுகிறார்கள். அந்த உழைப்புக்கு மதிப்பாகத் துணிகளைப் பெறுகிறார்கள். 2015-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

பெறுகிறவருக்கு மதிப்பு என்றால் பொருளும் மதிப்புள்ளதாக இருக்க வேண்டும். கிழிந்த சட்டையையும் உடைந்த வாளியையும் பெட்டியில் போடுவது தானம் அல்ல. குப்பையை இடம் மாற்றுவது மட்டுமே. நான் பயன்படுத்தத் தயங்கும் பொருளை என் சகோதரனுக்குக் கொடுக்கலாமா?

பழையது என்றால் மட்டமானது என்ற எண்ணமும் மாற வேண்டும். தூய வளனார் கல்லூரியில் படித்த அப்துல் கலாம் அவர்கள், 1950-களில் சென்னை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் ஓர் ஆங்கில நூலை வாங்கினார். அதைத் திரும்பத் திரும்ப பைண்டு செய்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் துணையாக வைத்திருந்ததாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். யாரோ ஒருவர் வேண்டாம் என்று விற்ற நூல் அது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில், ஒரு பொருளை எறிந்துவிடாமல் சரியான நோக்கத்தோடு மீண்டும் பயன்படுத்துவதும் ஓர் அன்புச் செயல் ஆகலாம் என்று கற்பிக்கிறார். ஐயாயிரம் பேர் வயிறார உண்ட பிறகும், எதுவும் வீணாகாதபடி மீதியைச் சேர்த்து வைக்கச் சொன்னவர் நம் ஆண்டவர் (யோவான் 6:12). அப்பத்தைப் பெருக்க வல்லவரே துண்டுகளைப் பொறுக்கச் சொன்னார் என்றால், நாம் எப்படி நடக்க வேண்டும்?

சிந்திக்க:

நம் வீட்டுப் பிள்ளை விடுதியிலிருந்து திரும்பும்போது எதை எறிந்துவிட்டு வந்தான் என்று கேட்டிருக்கிறோமா?

ஏப்ரல் முதல் ஜூன் வரை பொருள்களை வைத்துக் காக்க நம் பங்கில் பயன்படாமல் பூட்டிக் கிடக்கும் அறை ஏதும் உண்டா?