பெயருக்கும் பட்டா வேண்டும்

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் சாலையில் சுமார் பதினேழு கிலோமீட்டரில் இருக்கிறது நார்த்தாமலை. விஜயாலய சோழீச்வரத்தைப் பார்க்க ஆண்டு முழுவதும் ஆட்கள் வருகிறார்கள். பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்குத் திரளும் கூட்டம் அதைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் சோழர் காலத்தில் இது வியாபாரிகளின் ஊர். தெலிங்ககுலகாலபுரம் என்று கல்வெட்டுகள் குறிப்பிடும் இவ்வூரின் நிர்வாகம் நகரத்தார் என்ற வணிகர் சபையின் கையில் இருந்தது. நகரத்தார்மலை என்பதே நார்த்தாமலை ஆனது என்பார்கள்.

‘நானாதேசத்துத் திசையாயிரத்து ஐந்நூற்றுவர்’ என்ற பெருவணிகக் குழுவுக்கு இங்கே ஓர் இருக்கை இருந்தது. தென்னிந்தியா முழுக்கக் கிளை பரப்பிய குழு அது. சுமத்ராவின் பாரூஸ் பகுதியில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டிலும் இந்த ஐந்நூற்றுவர் பெயர் இருக்கிறது. கடல் கடந்து சரக்கோடு போய் இறங்கும் வியாபாரியை அந்தத் துறைமுகத்தில் யாருக்குத் தெரியும்? அவர் எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்பது தெரிந்தால் போதும், பேச்சு தொடங்கிவிடும். இக்குழுவின் சில கல்வெட்டுகளில் கலப்பை, வாள் போன்ற சின்னங்களையும் பொறித்திருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் அது யாருடைய கல் என்று புரிந்திருக்கும். இன்று பிராண்ட் என்று நாம் சொல்வதன் பெரும்பகுதி அதில் அடங்கிவிடுகிறது.

இன்றைய நார்த்தாமலைக்கு வருவோம். ஒருவர் இங்கே மரச்செக்கு போட்டு, கடலை எண்ணெயை பாட்டிலில் அடைத்து விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லேபிளில் ‘நார்த்தாமலை செக்கு எண்ணெய்’ என்று அச்சடிக்கத் தோன்றுவது இயல்பு. ஊர்ப்பெயர் அழகாகவும் இருக்கிறது. ஆனால் 1999ஆம் ஆண்டு வணிகக்குறிகள் சட்டப்படி, வெறும் ஊர்ப்பெயரையும் பொருளின் பெயரையும் சேர்த்து ஒருவர் தனக்கென்று எழுதி வாங்கிக்கொள்வது கடினம். நாளை பக்கத்துத் தெருவில் செக்கு போடுபவரும் அதே ஊர்க்காரர்தானே? நெடுங்காலம் விற்று, அந்தப் பெயரைக் கேட்டாலே இவர் கடைதான் நினைவுக்கு வரும் என்று நிரூபித்தால் மட்டுமே வழி உண்டு. புதிதாகத் தொடங்குபவர் எண்ணெயோடு தொடர்பில்லாத, தனித்து நிற்கும் ஒரு சொல்லை எடுப்பதே நல்லது. ஊர்ப்பெயர் கீழே முகவரியில் இருக்கட்டும்.

பெயரை முடிவு செய்யும் முன்பு, அதே ஒலியில் வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று வணிகக்குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் கட்டணமில்லாமல் தேடலாம். சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பு, காபி, மாவு, மிட்டாய் எல்லாம் 30, உணவகம் 43. தனிநபரும் சிறு நிறுவனமும் இணையம் வழியாக விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பெரிய நிறுவனத்துக்கு 9,000. பரிசீலனையில் தேறிய பெயர் பதிவக இதழில் வெளியாகும். நான்கு மாதங்களுக்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் பதிவு கிடைக்கும். விண்ணப்பித்த நாளிலிருந்து 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட குறியைப் பதிவு கிடைத்த பிறகுதான் லேபிளில் போட வேண்டும். முந்திக்கொண்டு போடுவது குற்றம்.

வீட்டுமனைக்குப் பட்டா வாங்க எத்தனை முறை வேண்டுமானாலும் தாலுகா ஆபீஸ் படி ஏறுகிறோம். இருபது வருடம் உழைத்துச் சம்பாதித்த பெயருக்கு ஒரு காகிதம் இல்லாமல் விட்டுவிடுகிறோம்.

பழைய பில்களைத் தூக்கிப் போடுவது இன்னொரு பெரிய இழப்பு. ஒரே பெயருக்கு இருவர் சண்டை போட்டால், முதலில் பயன்படுத்தியவர் யார் என்பதைச் சட்டம் முக்கியமாகப் பார்க்கிறது. பின்னால் வந்தவர் முந்திப் பதிவு செய்திருந்தாலும், முன்பிருந்தே விற்றுவருபவரை அந்தப் பதிவை வைத்துத் தடுத்துவிட முடியாது. ஆனால் ‘முன்பிருந்தே’ என்பதை வாயால் சொன்னால் நிற்காது. தேதி போட்ட பில், அச்சகத்தில் லேபிள் அடித்த ரசீது, உள்ளூர்ப் பத்திரிகையில் கொடுத்த விளம்பரம், திருவிழா நோட்டீஸ் எல்லாமே சாட்சிகள்தான்.

பெயர் யார் பேரில் இருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். அப்பா நடத்திய கடையை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்ளும்போது பாத்திரம் பண்டத்தைக்கூட எழுதிக்கொள்கிறார்கள். கடைப்பெயரை எழுதுவதில்லை. பிறகு இரண்டு பேரும் அதே போர்டை மாட்டுகிறார்கள்.

போர்டில் இல்லாத பெயரும் சில சமயம் சொத்தாகிவிடும். 1957இல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் தொடங்கியது ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். அவர் எப்போதும் தலைப்பாகை கட்டியிருப்பார். சாப்பிட வந்தவர்கள் அதையே கடைக்குப் பெயராக்கிவிட்டார்கள். போர்டில் எழுதிய பெயரை ஜனங்களின் வாயில் இருந்த பெயர் முந்திக்கொண்டது. திண்டுக்கல் தலப்பாக்கட்டி இன்று பல ஊர்களில் கிளை உள்ள பெரிய நிறுவனம். அந்தப் பெயரைப் போலவே ஒலிக்கும் ‘தலப்பாக்கட்டு’ என்ற பெயரில் வேறு கடைகள் நடந்தபோது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. வாடிக்கையாளர் செல்லமாக வைக்கும் பெயருக்குத்தான் சந்தையில் மதிப்பு அதிகம் என்றால், அதையும் சேர்த்துப் பதிவு செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

இதெல்லாம் ஒரு கடையின் பெயரைப் பற்றியது. ஊரே சேர்ந்து சம்பாதித்த பெயர் என்றால்? அங்கேதான் கூட்டாகச் சேரும் பழைய நகரத்தார் வழி மறுபடி உதவுகிறது. மணப்பாறை முறுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்தில் விற்றே நாடு முழுக்கப் பேர் வாங்கிய பண்டம். அரிசி மாவில் ஓமமும் எள்ளும் சேர்த்துப் பிழிந்து, ஒருமுறை அரைவேக்காடாக எடுத்து, மறுபடி எண்ணெயில் போட்டு எடுப்பார்கள். அந்த மொறுமொறுப்புக்கு ஊர்த் தண்ணீரும் காரணம் என்பார்கள் செய்பவர்கள். இந்தப் பெயருக்கு எந்த ஒரு கடைக்காரரும் தனியாக உரிமை கோர முடியாது. உற்பத்தியாளர்கள் சங்கமாகச் சேர்ந்து, ஊரோடு பிணைந்த பொருளின் பெயரைக் காக்கும் புவிசார் குறியீடு கேட்டார்கள், 2023இல் கிடைத்தது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கும் இப்படித்தான், 2020இல், அங்குள்ள உற்பத்தியாளர் சங்கத்தின் முயற்சியில் வந்தது. கரிசல் நிலத்துக் கடலைதான் அதற்கு உயிர்.

இந்தக் குறியீடு கிடைத்ததும் வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சங்கத்தின் பேரில் பதிவானாலும், குறியீட்டைத் தன் பொட்டலத்தில் முறைப்படி பயன்படுத்தவும், போலியைத் தடுக்க வழக்குப் போடவும் ஒவ்வொரு உற்பத்தியாளரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். இந்தியா முழுவதற்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. பயனாளராகப் பதிவதற்கான விண்ணப்பக் கட்டணம் முன்பு 500 ரூபாய். 2020இல் அதை 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள்.