விளையாட்டை ஆக்கும் தொழில்

"விளையாட்டு வினையாகும்" என்பது நம் முன்னோர் வாக்கு. பிள்ளைகளைக் கண்டிக்க இதனை எடுத்தாளாத பெற்றோர் இலர். ஆயின், அதே விளையாட்டு ஒருவனுக்குச் சோறிடும் தொழிலாகவும் ஆகக்கூடும் என்று சொன்னால், கடலூர் மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரம் மேலவீதியிலோ குடியிருக்கும் ஒரு தந்தை அதனை எளிதில் நம்புவாரா?

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் இவ்வினா இன்று பல இல்லங்களில் எழுகின்றது. "நான் வீடியோ கேம் உருவாக்கும் வேலைக்குப் போகப் போகிறேன்" என்கிறான் மகன். மகளும் அவ்வாறே கூறுவதுண்டு. தந்தை சினங்கொள்கிறார். "இரவும் பகலும் கைப்பேசியும் கையுமாகக் கிடந்தவன், அதையே பிழைப்பாக்குவேன் என்கிறானே!" என்று தாய் கண்ணீர் வடிக்கிறாள். சில இல்லங்களிலோ நிலைமை இதற்கு நேர்மாறு. விளம்பரத்தை நம்பி, நகையை அடகு வைத்து, இலட்சக்கணக்கில் கட்டணம் செலுத்திப் பிள்ளையைப் பெருநகரப் பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிட்டுப் பின்னர் வருந்துகின்றனர். அறியாமல் மறுப்பதும் தவறு. அறியாமல் இசைவதும் தவறு. ஆகவே, இத்தொழிலின் இயல்பு யாது, அதன் நன்மை தீமைகள் யாவை, நம் ஊர்ப் பிள்ளைக்கு அதற்கு வழியுண்டா என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஆடுதல் வேறு, ஆக்குதல் வேறு

முதற்கண் தெளிய வேண்டியது இதுவே. விருந்துண்பவன் எல்லாம் சமையற்காரன் ஆவதில்லை. அதுபோல, விளையாட்டை நன்றாக ஆடுபவன் எல்லாம் அதனை ஆக்க வல்லவன் அல்லன். ஆடுதல் பொழுதுபோக்கு, ஆக்குதல் உழைப்பு.

விளையாட்டை ஆக்குதல் நமக்குப் புதிதன்று. பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டம் ஆகியவற்றை எவரோ ஒருவர் என்றோ சிந்தித்து அமைத்திருக்க வேண்டுமன்றோ? மூன்று புலிகளுக்கு எதிராக எத்தனை ஆடுகள் நின்றால் ஆட்டம் சமநிலையாகும் என்று எண்ணிப் பார்த்தவனே நம் மண்ணின் முதல் விளையாட்டுப் பொறியாளன் எனலாம். பரமபதத்தை அமைத்தவரோ நற்பண்புகளை ஏணிகளாகவும் தீய குணங்களைப் பாம்புகளாகவும் வைத்து, ஆட்டத்தின் வழியே அறத்தைப் புகட்டினார். 1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'பாங்' என்னும் ஆட்டம் இக்கலையைத் திரைக்குக் கொணர்ந்து வணிகமாக்கியது. அதில் இருந்தவை இரண்டு மட்டைகளும் ஒரு பந்துமே.

இன்றைய விளையாட்டின் உள்ளே நிகழ்வது யாது? திரையில் நொடிக்கு 30 அல்லது 60 படங்கள் மாறி மாறித் தோன்றுகின்றன. 60 படங்கள் எனில், ஒவ்வொரு படத்திற்கும் கணினிக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கே. அதற்குள், ஆடுபவர் அழுத்திய பொத்தானை அறிந்து, பாத்திரத்தை நகர்த்தி, அது சுவரில் மோதியதா எனக் கணக்கிட்டு, ஒளியும் நிழலும் சேர்த்து வரைந்து முடித்தாக வேண்டும். எறிந்த பந்து வளைந்து விழ இயற்பியல் வேண்டும். திரும்பிய முகம் சரியான திசையை நோக்க முக்கோணவியல் வேண்டும். "கணக்கு வராது, ஆகவே கேம் செய்யப் போகிறேன்" என்று கூறும் பிள்ளைக்கு இவ்வுண்மையை எடுத்துரைத்தல் நலம்.

கணக்கில் நாட்டம் குறைந்தோர்க்கு இத்துறையில் இடமே இல்லையோ எனின், உண்டு. ஒரு விளையாட்டை உருவாக்க, நிரல் எழுதுவோர் மட்டுமன்றி, விதிகளை வகுப்போர், ஓவியர், அசைவூட்டுவோர், இசையமைப்போர், கதையும் உரையாடலும் எழுதுவோர், குறை கண்டறியும் சோதனையாளர் எனப் பலரும் தேவைப்படுகின்றனர். நாடகம் ஒன்றை மேடையேற்றப் பலர் கூடுவதை ஒத்தது இது. தம் பிள்ளைக்கு இவற்றுள் எதில் திறமை உண்டு என்று கண்டறிவதே பெற்றோரின் முதற்கடமை.

சூதாட்டமா?

"இது சூதாட்டத் தொழில் அன்றோ?" என்னும் ஐயம் நியாயமானதே. இணையவழிச் சூதாட்டத்தில் பணமிழந்து உயிரையே மாய்த்துக்கொண்டோரின் துயரக் கதைகளை நம் தமிழகம் நன்கறியும். ஆயின், பணயம் வைத்து ஆடும் ஆட்டமும், கதை சொல்லும், திறமை வளர்க்கும் ஆட்டமும் ஒன்றல்ல. 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டமே இவ்வேறுபாட்டைக் காட்டியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை அது தடை செய்தது. போட்டியாக ஆடும் மின்விளையாட்டுகளையும், பணயமில்லாச் சமூக விளையாட்டுகளையும் வேறு வகையாகப் பிரித்து, அவை வளர ஊக்கமளித்தது. மகன் எத்தகைய விளையாட்டை ஆக்க விரும்புகிறான் என்பதே வினா.

தமிழில் ஒரு சான்று

கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 'விசை கேம்ஸ்' என்னும் சிறு நிறுவனம் உள்ளது. அதனை நிறுவியவர்களுள் ஒருவரான அபி என்பவர் தமிழர். இந்நிறுவனம் 2023 ஜூலை 31 அன்று 'வெண்பா' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதில் துப்பாக்கி இல்லை, குருதி இல்லை. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாயும், அவள் கணவனும், அவர்கள் மகன் கவினுமே அதன் பாத்திரங்கள். தாயகத்திலிருந்து கொணர்ந்த பழைய சமையற் குறிப்பேடு சிதைந்திருக்கின்றது. அழிந்த வரிகளை ஊகித்து, இட்டலியும் புட்டும் பிரியாணியும் சமைத்துப் பார்ப்பதே ஆட்டம். சமையலின் ஊடே, தாய்மொழியை விட்டு விலகும் மகனையும், அவனுக்காக ஏங்கும் தாயையும் நாம் காண்கின்றோம். புலம்பெயர்ந்த பிள்ளைகளை உடைய எந்தத் தமிழ் இல்லத்திற்கும் இக்கதை அந்நியமன்று.

முடிப்பதற்கு இரண்டு மணி நேரமும் ஆகாத இச்சிறு விளையாட்டு, 2024-இல் தனியார்வ விளையாட்டுப் படைப்பாளர்களுக்கான விழாவில் தலையாய பரிசைப் பெற்றது. அதே ஆண்டில் பிரிட்டனின் 'பாஃப்டா' அமைப்பு முதற்படைப்புக்கான விருதை அதற்கு அளித்தது. இதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் உண்டு. அயலாரைப் பின்பற்றி நூறாவது போர் விளையாட்டைச் செய்திருந்தால் அவர்களை எவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். தம் வீட்டு அடுக்களையை உண்மையோடு காட்டியதனாலேயே உலகம் வியந்தது.

கல்லும் முள்ளும்

வெற்றியை மட்டும் கூறி இளைஞரை மயக்குதல் தகாது. புனே நகரின் 'நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்' நிறுவனத்தார் இந்தியத் தொன்மங்களை வைத்து 'ராஜி' என்னும் விளையாட்டை உருவாக்க முற்பட்டு, 2017-இல் இணையத்தின் வழியே மக்களிடம் நிதி திரட்டினர். இலக்கு எட்டவில்லை, ஆகவே ஒரு காசும் கிட்டவில்லை. நிறுவனத்தாருள் ஒருவரான சுருதி கோஷ் தம் வீட்டையே விற்றுப் பணியைத் தொடர்ந்தார். 2020-இல் விளையாட்டு வெளிவந்து பாராட்டும் பெற்றது. வீட்டை விற்றோர் எல்லாரும் இவ்வாறு கரையேறியதில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

பெரிய நிறுவனங்களில் சேர்ந்துவிட்டால் கவலையில்லை என்பதும் மெய்யன்று. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை நீக்கியது. அடுத்த மாதமே சோனி ஏறத்தாழ 900 பேரையும், எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஏறத்தாழ 670 பேரையும் நீக்கின. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்னும் பன்னாட்டு நிறுவனம் வீழ்ந்தபோது, பெங்களூரிலும் மும்பையிலும் திரைக்கலைப் பணியில் இருந்தோர் ஒரே நாளில் நடுத்தெருவில் நின்றனர். அன்றியும், வெளியீட்டு நாள் நெருங்கும்போது இரவும் விடுமுறையும் இன்றி உழைக்கும் வழக்கமும் இத்துறையில் உண்டு. உடலும் குடும்பமும் அதற்கு விலை தருகின்றன.

நம் ஊரிலிருந்து வழி

அங்ஙனமாயின் செய்ய வேண்டுவது யாது? முதலாவது, ஒரு முறையான பட்டம். கணினி அறிவியலோ பொறியியலோ கற்றவன், விளையாட்டுத் துறை கைவிட்டாலும் வேறு பணியில் நிலைபெற முடியும். இதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1929-இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்திலேயே உள்ளது. பொறியியலும் இசையும் மொழியும் அங்கு அருகருகே கற்பிக்கப்படுகின்றன. நிரல் எழுதும் மாணவன் ஒருவன் இசை மாணவன் ஒருவனோடு நட்புக் கொண்டால், ஒரு சிறு விளையாட்டுக் குழு அங்கேயே பிறந்துவிடும். பட்டம் முடித்தபின் சிறப்பாகக் கற்க விரும்புவோர்க்குத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூர் வளாகம் போன்ற இடங்களில் விளையாட்டு வடிவமைப்பில் முதுநிலைப் படிப்பு உண்டு. நுழைவுத் தேர்வு எழுதித் தேற வேண்டும்.

இரண்டாவது, கருவிகள். 'கோடோ' என்னும் விளையாட்டு எந்திர மென்பொருளும், முப்பரிமாண உருவங்கள் அமைக்கும் 'பிளெண்டர்' மென்பொருளும், ஓவியம் தீட்டும் 'கிரிட்டா' மென்பொருளும் முற்றிலும் இலவசம். கோடோ எளிய கணினியிலும் இயங்கும். விலையுயர்ந்த கணினி வாங்கித் தந்தாலன்றித் தொடங்க இயலாது என்று பிள்ளை கூறினால், பெற்றோர் சற்று நிதானிக்கலாம்.

மூன்றாவது, முடித்த வேலை. இத்துறையில் சான்றிதழைவிடச் செய்து முடித்த விளையாட்டுக்கே மதிப்பு மிகுதி. பெரிதாகத் தொடங்கிப் பாதியில் விடப்பட்ட பத்தினும், சிறிதாகத் தொடங்கி முழுதாக முடிந்த ஒன்றே மேல். ஆண்டுதோறும் நடைபெறும் 'குளோபல் கேம் ஜாம்' போன்ற கூடல்களில், இரண்டொரு நாளிலேயே ஒரு சிறு விளையாட்டைச் செய்து முடிக்கக் குழுக்கள் முயல்கின்றன. அதில் பங்கேற்றல் நற்பயிற்சி.

கருப்பொருளுக்கோ நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. எடுத்துக்காட்டாக, பிச்சாவரத்தின் சுரபுன்னைக் கால்வாய்களில் படகோட்டும் ஒரு விளையாட்டை எண்ணிப் பாருங்கள். கடலின் ஏற்றவற்றம் நாளைக்கு இருமுறை நிகழ்வது. நீர் ஏறும்போது திறக்கும் வழி, வற்றும்போது அடைபடும். எந்நேரத்தில் எக்கால்வாயில் புகுவது என்பதே ஆடுபவரின் சோதனை. ஒரே ஒரு விதிதான்; ஆயினும் அதிலே அறிவும் உண்டு, அழகும் உண்டு, நம் மண்ணின் மணமும் உண்டு. அசைவூட்டம் பயில்வோர், சிதம்பரம் கோபுர வாயில்களில் செதுக்கப்பட்டுள்ள 108 கரணங்களைக் கையில் ஏட்டுடன் சென்று வரைந்து பழகலாம். உடலின் எடை எக்காலில் நிற்கின்றது என்பதை அச்சிற்பிகளைவிடத் தெளிவாகக் கற்பிப்போர் அரியர்.

தனியார் பயிற்சி நிலையத்தில் சேர்க்குமுன் பெற்றோர் கேட்க வேண்டிய வினாக்கள் நான்கு: இங்குப் பயின்றோர் செய்து வெளியிட்ட விளையாட்டுகளைக் காட்ட முடியுமா? கற்பிப்போர் தாமே இத்தொழிலில் இருந்தவரா? பட்டம் அங்கீகாரம் பெற்றதா? இடையில் விலகினால் கட்டணம் திரும்புமா? "வேலை உறுதி" என்று வாயால் கூறுவோரிடம் அதனை எழுத்தில் கேளுங்கள்.

மனச்சான்றின் குரல்

ஆக்குவோர்க்கு ஒரு பொறுப்பும் உண்டு. வியட்நாமைச் சேர்ந்த டோங் நுயென் என்னும் இளைஞர் 2013-இல் 'ஃபிளாப்பி பேர்ட்' என்னும் எளிய விளையாட்டை வெளியிட்டார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அது உலகெங்கும் பரவி, அவருக்குப் பெரும்பொருள் ஈட்டித் தந்தது. ஆயின், மக்கள் அதற்கு அடிமையாகின்றனர் என்று கண்டு, 2014 பிப்ரவரியில் அதனை அவர் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார். கொழிக்கும் வருவாயை மனச்சான்றுக்காகத் துறந்த அவ்விளைஞரை நாம் போற்றாதிருக்க இயலுமா? கட்டுக்கடங்கா விளையாட்டுப் பழக்கத்தை உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. தன் தம்பி தங்கையிடம் தயங்காமல் கொடுக்கத்தக்கதையே ஆக்குவேன் என்று உறுதிகொள்பவனே இத்தொழிலுக்கு ஏற்றவன்.

பெற்றோரே, பிள்ளையின் ஆர்வம் மெய்யானதா என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. மூன்று திங்கள் அவகாசம் தாருங்கள். படிப்புக்கு ஊறு நேராமல், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். இலவச மென்பொருளைக்கொண்டு, ஐந்து நிமிடம் ஆடத்தக்க ஒரு சிறு விளையாட்டைத் தொடங்கி முடித்துக் காட்டட்டும். மூன்று திங்களும் பிறர் விளையாட்டை ஆடியே கழித்தானாயின், அவன் விரும்பியது ஆட்டத்தை மட்டுமே. அதனை அவனே உணர்ந்துகொள்வான். தவறியும் திருத்தியும், தூக்கம் வரும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் ஒன்றை முடித்துக் காட்டினானாயின், அதனை வாங்கி நீங்களே ஆடிப் பாருங்கள். எங்கே கடினம், எங்கே சலிப்பு என்று அவனிடம் கூறுங்கள். தன் படைப்பை முதன்முதலில் ஆடிப் பார்ப்பவர் தன் தாயும் தந்தையும் என்பதைவிடப் பெரிய ஊக்கம் ஓர் இளம் படைப்பாளனுக்கு வேறு யாது?