இரு மத்தியஸ்தர், ஒரே அளவு

கொழுந்து நிறுக்கும் மடுவத்தை அறியாதவர் மலையகத்தில் இரார். அங்கே இரண்டு தராசுகளை வைத்து, ஒன்று தாராளமாகவும் மற்றொன்று கறாராகவும் நிறுக்குமாயின் என்ன நேரும்? பறித்தவளின் உழைப்பு ஒன்றுதான். ஆனால் அவள் பேரில் பதியும் நிறை, எந்த வரிசையில் போய் நின்றாள் என்பதைப் பொறுத்ததாகிவிடும். நுவரெலியா, ஹட்டன் பகுதிப் பாடசாலைகளில் பெண் பிள்ளைகள் விரும்பி ஆடும் வலைப்பந்தாட்டத்திலும் இத்தகைய இரு தராசுகள் உண்டு. மைதானத்தின் இரு பக்கமும் விசிலுடன் நிற்கும் மத்தியஸ்தர் இருவரையே குறிப்பிடுகிறோம்.

ஓர் ஆட்டத்துக்கு இருவர் தீர்ப்புக் கூறுவது இன்று நேற்று வந்த வழக்கமன்று. 1891ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கி எழுதிய 13 விதிகளிலேயே இருவருக்கு இடமிருந்தது. ஒருவர் ஆட்டக்காரரைக் கவனித்துத் தவறுகளைக் குறிக்க வேண்டும். மற்றவர் பந்தைக் கவனிக்க வேண்டும். இக்காலக் கூடைப்பந்தாட்டத்திலோ இருவரும் ஒரே வேலையைச் செய்கின்றனர். கூடையின் அருகே ஒருவர் முன்னே நிற்க, மற்றவர் பின்தொடர்கிறார். பந்து எதிர்ப்புறம் பாய்ந்ததும் பின்னவர் முன்னவராகிவிடுகிறார். ஆகவே எந்தப் பக்கமும் எவருக்கும் சொந்தமன்று.

கூடைப்பந்தாட்டத்தின் வழியில் பிறந்த வலைப்பந்தாட்டத்தில் ஏற்பாடு வேறு. 30.5 மீற்றர் நீளமுள்ள மைதானம் நடுவில் இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. ஆட்டம் முழுவதும் ஒரு பாதி ஒருவருடைய ஆட்சிக்குட்பட்டது; மறு பாதி மற்றவருடையது. மத்தியஸ்தர் இடம் மாறுவதில்லை. ஆனால் ஒவ்வொரு கால் பகுதி முடிந்ததும் அணிகள் பக்கம் மாறுகின்றன. சிக்கல் இங்கேதான் இருக்கிறது. முதற் கால் பகுதியில் ஒருவரின் கண்முன் தன் கோலைக் காத்த பெண், இரண்டாவதில் மற்றவரின் கண்முன் காக்க வேண்டியவளாகிறாள். அவள் கையை நீட்டும் விதமும் பாய்ந்து விழும் விதமும் மாறவில்லை. முன்பு விசில் ஊதப்படாத செயலுக்கு இப்போது ஊதப்படுமாயின், அவள் எதைக் கற்றுக்கொள்வாள்? தண்டனை பெற்றவள் பந்தை எறிபவளின் அருகே ஆட்டத்தில் கலவாமல் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது விதி. புரியாத குற்றத்துக்காக அப்படி நிற்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது சிறு விஷயமாகத் தோன்றாது.

இரு மத்தியஸ்தருக்கும் அணிகள் சம அளவு நேரமே உட்படுவதால் முடிவில் கணக்குச் சரியாகிவிடும் என்று வாதிப்போர் உளர். எமக்கு அதில் உடன்பாடில்லை. கணக்குச் சரியாகலாம், பிள்ளைகளின் நம்பிக்கை சரியாவதில்லை.

அளவை ஒன்றாக்குவது எங்ஙனம்? முதலில், ஆட்டத்துக்கு முன் இருவரும் பத்து நிமிடமாவது பேசியாக வேண்டும். பந்தை வைத்திருப்பவளிடமிருந்து காப்பவள் 0.9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும், மூன்று விநாடிக்கு மேல் பந்தை வைத்திருக்கலாகாது என்பவை எண்ணில் அடங்குவன. அவற்றில் பெரும் பிணக்கு வராது. தொடுகைதான் பொல்லாதது. எந்தத் தொடுகை எதிரியின் ஆட்டத்தைக் கெடுக்கிறது, எது தற்செயலாகத் தோள் உரசியது என்பதைக் கண்ணே தீர்மானிக்கிறது. தவறிழைக்காத அணிக்கு ஆட்டம் தொடர்வதே நன்மையெனில் விசிலை ஊதாமல் விடுவதும் மத்தியஸ்தர் கடமையே. ஒருவர் அவ்வாறு பொறுத்திருக்க, மற்றவர் எடுத்ததற்கெல்லாம் ஊதுவாராயின் ஒரே மைதானத்தில் இரண்டு ஆட்டங்கள் நடப்பதாகவே தோன்றும்.

நெடிய பெண்கள் ஆடும்போது இது இன்னும் தெளிவாகும். யாழ்ப்பாண மண்ணின் தர்ஜினி சிவலிங்கம் 208 சென்ரிமீற்றர் உயரமுடையவர். 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் கோல் எய்தவர். இத்தகையவரைக் காப்பவர்கள் இடித்தும் நெருங்கியும் தடுக்க முயல்வது இயல்பு. ‘இவ்வளவு உயரமுள்ளவள் தாங்கிக்கொள்வாள்’ என்று ஒரு மத்தியஸ்தர் விட்டுவிட, மற்றவர் விதிப்படி ஊதினால் அளவு அங்கேயே உடைகிறது. குள்ளமானவளுக்குத் தவறாவது நெடியவளுக்கும் தவறுதான்.

ஆட்டம் தொடங்கியபின் மறு பாதியில் தலையிடலாகாது. சக மத்தியஸ்தர் கேட்டால் மட்டும் கண்டதைக் கூற வேண்டும். இடைவேளையில் ‘நீங்கள் ஏன் ஊதவில்லை?’ என்று கேட்பது தோழமையைக் குலைக்கும். ‘நடுப்பகுதியில் தள்ளுமுள்ளு அதிகமாகிறது, இருவரும் இறுக்கிப் பிடிப்போமா?’ என்பது வேலையை நடத்தும். ஒரு பக்கம் தவறு நேர்ந்துவிட்டதென்று மறு பக்கத்துக்கு ஒரு பெனல்ட்டியைச் சலுகையாக அளித்து ஈடு செய்வதோ மிகவும் கெட்ட பழக்கம். ஒன்றாயிருந்த அநியாயம் அதனால் இரண்டாகிறது.

நாடுகளும் இதே தொல்லையைப் பட்டவைதாம். நியூசிலாந்தில் நெடுங்காலம் அணிக்கு ஒன்பது பேர் ஆடினர். இங்கிலாந்தில் ஏழு பேர். ஒருவர் விதி மற்றவருக்குப் பொருந்தவில்லை. 1960ஆம் ஆண்டில் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடி விதிகளை ஒன்றாக்கினர். கூடிய இடம் நமது இலங்கையே என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் முதலாவது உலகப் போட்டி நடந்தது. இலங்கையும் அதில் ஆடிற்று.

மலைநாட்டில் மற்றொரு தொல்லையும் உண்டு. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் பிற்பகல் ஆட்டத்தின் நடுவே மூடுபனி இறங்கிவிடும். ஈரத் தரையில் காலூன்ற முடியாமல் வழுக்கிய அடியும், விதியை மீறி வைத்த அடியும் வேறு வேறு. அதை எப்படிப் பார்ப்பதென்று முன்கூட்டியே இணங்கியிருத்தல் நலம். பனி தடித்து, ஒருவருக்குத் தம் பக்கத்துக் கோல் வளையம் தெரிய மற்றவருக்குத் தெரியாமற்போனால், தெரிகின்றவர் மட்டும் ஆட்டத்தைத் தொடரச் சொல்வது முறையன்று. இருவரும் சேர்ந்தே நிறுத்த வேண்டும். பனி விலகியபின் சேர்ந்தே தொடங்க வேண்டும்.