சராசரிக்குள் மறையும் நிமிடம்

ஒரு நிறுவனத்தின் இணையதளத்தை இயக்கும் கணினிகள் அந்நிறுவனத்தின் கட்டடத்துக்குள்ளேயே இருந்தவரை, அவற்றின் நிலையை அறிய அந்த அறைக்குள் சென்று பார்ப்பதே போதுமானதாக இருந்தது. அமேசான் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் தன் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கிய பின்னர், பயன்படுத்துவோருக்கும் இயந்திரத்துக்கும் இடையே நெடுந்தொலைவு விழுந்துவிட்டதால், அந்த இயந்திரத்தின் உழைப்பை எண்களாக மாற்றி அனுப்பும் ஏற்பாடு தேவைப்பட்டது. 2009இல் அந்நிறுவனம் அறிமுகப்படுத்திய கிளவுட்வாட்ச் அத்தகைய ஏற்பாடுகளுள் ஒன்று. மையச் செயலி எத்தனை விழுக்காடு உழைக்கிறது, வலையமைப்பின் வழியே எவ்வளவு தரவு சென்றது என்பன போன்ற எண்கள் அங்கே அளவீடுகள் எனப்படுகின்றன. ஒரே பெருங்கணினியைப் பல மெய்நிகர்க் கணினிகளாகப் பங்கிட்டுத் தரும் மென்பொருள் அவற்றை வெளியிலிருந்தே பார்ப்பதால் செயலியின் உழைப்பு அதற்குத் தெரிகிறது. ஆனால் உள்ளே நினைவகம் எவ்வளவு நிரம்பியுள்ளது என்பது தெரிவதில்லை. நினைவகத்தை அளக்க வேண்டுமானால் அதற்கென ஒரு சிறு நிரலை அந்தக் கணினிக்குள்ளேயே நிறுவியாக வேண்டும்.

இவ்வாறு வந்துசேரும் எண்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் தருவது கிளவுட்வாட்சின் வேலையன்று. கேட்பவர் குறிப்பிடும் கால அளவுக்குள் விழுந்த எல்லா எண்களையும் ஒன்றுதிரட்டி, அவற்றின் சராசரி, கூட்டுத்தொகை, மிகக் குறைந்த மதிப்பு, மிக உயர்ந்த மதிப்பு, எத்தனை அளவீடுகள் சேர்ந்தன என்னும் மாதிரி எண்ணிக்கை ஆகியவற்றுள் கேட்கப்பட்டதை மட்டுமே அது விடையாகத் தருகிறது. ஆகவே எந்த விடையும் ஒரு சுருக்கமே. எதைச் சுருக்குவது, எவ்வளவு சுருக்குவது என்பதைக் கேள்வியே தீர்மானிக்கிறது.

அந்தக் கேள்வியை இரு வழிகளில் கேட்கலாம். உலாவியில் தெரியும் வரைபடப் பலகை ஒரு வழி. கருந்திரையில் எழுத்துகளாகத் தட்டப்படும் கட்டளை வரி மற்றொன்று. வரைபடம் கண்ணுக்கு இனியது, விரைவானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு நாளைக் காட்டும் வரைபடத்தை ஒரு மாதத்துக்கு விரிக்கும்போது, ஒவ்வொரு புள்ளியும் குறிக்கும் கால அளவைப் பலகை தானாகவே கூட்டிக்கொள்ளலாம். பார்ப்பவர் அதைக் கவனிப்பதே இல்லை. கெட்-மெட்ரிக்-ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்னும் கட்டளையோ, அளவீடு எந்தச் சேவைக்குரியது என்று சுட்டும் பெயர்வெளி, அளவீட்டின் பெயர், தொடக்க நேரம், முடிவு நேரம், நொடிகளில் கால அளவு, வேண்டிய புள்ளியியல் வகை ஆகிய அனைத்தையும் வாய்விட்டுச் சொல்லாதவரை விடையளிக்க மறுக்கிறது. தொடக்கத்தில் தொல்லையாகத் தோன்றும் இந்த வற்புறுத்தலே கட்டளை வரியின் பெரும்பயன். கேட்பவர் தாம் என்ன கேட்கிறோம் என்பதை அறியாமல் அங்கே கேட்க இயலாது.

புள்ளியியல் வகையைத் தேர்வதன் விளைவை ஒரு கணக்கு தெளிவாக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கப்படும் ஒரு செயலி, ஒரு நிமிடம் மட்டும் நூறு விழுக்காடு உழைத்து, மற்ற நேரமெல்லாம் ஐந்து விழுக்காட்டில் இருந்ததாகக் கொள்ளலாம். கால அளவை ஐந்து நிமிடமாக வைத்துச் சராசரி கேட்டால் 24 விழுக்காடு என்றும், ஒரு மணி நேரமாக வைத்துக் கேட்டால் 6.6 விழுக்காடு என்றும் விடை வரும். இரண்டும் பிழையற்ற விடைகள். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் பக்கம் திறக்காமல் காத்திருந்த வாடிக்கையாளரின் புகாரை இரண்டுமே விளக்கா. அதே கேள்வியில் சராசரிக்குப் பதிலாக மிக உயர்ந்த மதிப்பைக் கேட்டால், கால அளவு எதுவாயினும் நூறு என்றே வரும். இருப்பினும் உச்ச மதிப்பை மட்டும் நம்புவதும் தவறாகும்; இரவில் ஒருமுறை காப்புப்படி எடுக்கும் வேலையால் உயர்ந்த எண், நாள் முழுவதும் நெருக்கடி நிலவியதைப் போன்ற தோற்றத்தைத் தந்துவிடும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது நூற்றுமானம். வந்த கோரிக்கைகளைக் காத்திருப்பு நேரத்தின்படி வரிசைப்படுத்தினால், தொண்ணூற்றொன்பது விழுக்காடு கோரிக்கைகள் எந்த நேரத்துக்குள் முடிந்தன என்பதை 99ஆம் நூற்றுமானம் சொல்கிறது. இணையதளங்களின் மறுமொழி வேகத்தை அறிய இதைவிட நேர்மையான எண் அரிது. ஆனால் சிறு தொகுப்புகளின் நூற்றுமானங்களைச் சேர்த்துப் பெரிய தொகுப்பின் நூற்றுமானத்தைக் கணக்கிட முடியாது என்பதால், வேண்டிய கால அளவைக் கட்டளையிலேயே குறிப்பிட்டுக் கேட்பதே முறை. சராசரிகளைச் சராசரியாக்குவதிலும் இதே ஆபத்து உண்டு. ஒரு வழங்கி பத்துக் கோரிக்கைகளைச் சராசரியாக 2 நொடியிலும், இன்னொன்று 990 கோரிக்கைகளை 0.1 நொடியிலும் முடித்திருந்தால், இரு சராசரிகளின் நடுமதிப்பு 1.05 நொடி, உண்மையான சராசரியோ ஏறத்தாழ 0.12 நொடி. கூட்டுத்தொகையையும் மாதிரி எண்ணிக்கையையும் தனித்தனியே பெற்று வகுத்தால் இந்தத் தவறு நேராது.

சராசரியைக் கொண்டு இயந்திரத்தின் சுமையை அறியும் வழக்கம் மேகக் கணிமையோடு பிறந்ததன்று. டெனெக்ஸ் என்னும் இயங்குதளம் 1970களின் தொடக்கத்திலேயே சுமைச் சராசரியைக் கணக்கிட்டது. இன்றும் லினக்ஸ் கணினியில் அப்டைம் என்று தட்டினால் ஒன்று, ஐந்து, பதினைந்து நிமிடங்களுக்கான மூன்று எண்கள் வரும். மூன்றையும் அருகருகே வைத்ததில், சுமை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை வரைபடமின்றியே காட்டிவிடும் நுட்பம் இருக்கிறது.

பல வழங்கிகளைச் சேர்த்துக் கேட்கும்போது வேறு சிக்கல்கள் எழுகின்றன. எந்த வழங்கி, எந்தக் குழு என்று அளவீட்டுக்கு அடையாளம் சேர்க்கும் குறிப்புகள் பரிமாணங்கள் எனப்படும். அவற்றின் ஒவ்வொரு சேர்க்கையையும் கிளவுட்வாட்ச் தனி அளவீடாகவே கருதுகிறது. பதிவாகாத ஒரு சேர்க்கையைக் குறிப்பிட்டுக் கேட்டால் பிழைச்செய்தி வருவதில்லை, வெற்றுப் பட்டியல் வருகிறது. அதைக் கண்டு ‘எல்லாம் அமைதியாக இருக்கிறது’ என்று முடிவுகட்டுவோரும் உண்டு. இதைப் போலவே, தரவு வராத நிமிடத்துக்குச் சுழியம் எழுதப்படாமல் அந்தப் புள்ளியே விடுபடும். வழக்கத்தைவிட மாதிரி எண்ணிக்கை குறைந்திருந்தால், சராசரி எவ்வளவு அழகாக இருந்தாலும், எங்கோ ஒரு வழங்கி பேசுவதை நிறுத்திவிட்டது என்று ஐயுறலாம். பெரும்பாலோர் கேட்காமல் விடும் இந்த எண்ணிக்கை, ஏனைய நான்கு எண்களின் நம்பகத்தன்மைக்கும் சான்று தருவது. வழங்கிகளின் எண்களைப் பரிமாணமின்றி மொத்தமாகத் திரட்ட, கட்டணத்துக்குரிய ஒருநிமிடக் கண்காணிப்பு இயக்கப்பட்டிருக்க வேண்டும். அப்போதும் அந்தத் தொகை ஒரு வட்டாரத்துக்குள் மட்டுமே அடங்கும் என்பதால், மும்பை தரவு மையங்களின் எண்களும் ஐதராபாத்தின் எண்களும் தாமாகக் கலப்பதில்லை.

விடை வந்து சேரும் வடிவமும் கவனத்துக்குரியது. இக்கட்டளை ஒரு முறைக்கு 1,440 புள்ளிகளுக்கு மேல் தராது. நிமிடக் கணக்கில் அது சரியாக ஒரு நாள். புள்ளிகள் கால வரிசையில் வருமென்ற உறுதியும் இல்லை. ஜேம்ஸ்பாத் என்னும் சிறு வினவல் மொழியைக் கட்டளையோடு சேர்த்து, நேரத்தின்படி வரிசைப்படுத்தி, வேண்டிய கட்டங்களை மட்டும் அட்டவணையாகப் பெறலாம்.

காலம் செல்லச்செல்லத் தரவின் நுணுக்கமும் தேய்கிறது. ஒருநிமிட அளவீடுகள் 15 நாள் வரையிலும், ஐந்துநிமிடத் தொகுப்புகள் 63 நாள் வரையிலும், ஒருமணித் தொகுப்புகள் 455 நாள் வரையிலும் கிடைக்கும். மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு நெருக்கடியைத் தேடுவோருக்கு, உச்சம் எவ்வளவு என்பது அப்போதும் கிடைக்கும். எந்த நிமிடத்தில் என்பது கிடைக்காது.

இங்கே இந்தியருக்கும் இலங்கையருக்கும் உரிய ஒரு தனித் தொல்லை உண்டு. கிளவுட்வாட்ச் விடையளிப்பது உலகப் பொது நேரத்தில். இரு நாடுகளின் நேரமும் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. ஆகவே உள்ளூர் நாள் தொடங்கும் நள்ளிரவு 12 மணி, பொது நேரப்படி முந்தைய நாள் மாலை 6.30 ஆகும். கெட்-மெட்ரிக்-ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கட்டளை 63 நாளுக்கு முந்தைய தொடக்க நேரத்தை முழு மணிக்குக் கீழ்நோக்கித் திருத்திக்கொள்வதால், 6.30 என்று கேட்டது 6 மணியாகி, நாள் முதல்நாள் இரவு 11.30க்கே தொடங்கிவிடுகிறது. பிழைச்செய்தி ஏதும் வராத இந்த அரைமணிப் பிசகைப் பின்னர் எந்தக் கட்டளையாலும் சரிசெய்ய முடியாது, ஏனெனில் மணிக்குள் இருந்த பகுப்பே அதற்குள் அழிந்திருக்கும். எனவே நாட்கணக்கில் அறிக்கை தயாரிக்கும் நிறுவனங்கள், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானே இயக்கும் கிரான் என்னும் ஏற்பாட்டில் இக்கட்டளையைச் சேர்த்து, ஒவ்வொரு நாளின் எண்களையும் 63 நாள் கெடுவுக்குள்ளேயே தங்கள் சொந்தக் கோப்பில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது.