வாரன்டி இருக்கு, பில்லில் எழுத்தைக் காணோம்! தெர்மல் பிரின்டருக்குள் நடப்பது என்ன?

ஆவடியை ஒட்டிய வெள்ளானூரில் ஒரு குடும்பம். ஆவடி மார்க்கெட்டில் மிக்ஸி வாங்குகிறார்கள், இரண்டு வருட வாரன்டி. பில்லை பத்திரமாக பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைக்கிறார்கள். ஒன்றரை வருடம் கழித்து மிக்ஸி மக்கர் செய்கிறது. பில்லை எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள்!

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் படிக்கும் பலருக்கும் இப்படி ஒரு அனுபவம் இருக்கும். மாநகரப் பேருந்து டிக்கெட், ஏ.டி.எம். சீட்டு, பெட்ரோல் பங்க் ரசீது, சூப்பர் மார்க்கெட் பில் என எல்லாவற்றிலும் இதே கதைதான். இவை எல்லாம் 'தெர்மல் டாட் மேட்ரிக்ஸ்' வகை பிரின்டரில் அச்சாகின்றன. இங்க் கிடையாது, ரிப்பன் கிடையாது. பிறகு எழுத்து எங்கிருந்து வருகிறது? ஏன் மறைகிறது? இப்படி ஒரு பிரின்டரை வடிவமைக்க என்னவெல்லாம் யோசிக்க வேண்டும்? பார்க்கலாம்.

டாட் மேட்ரிக்ஸ் என்றால் என்ன?

எந்த எழுத்தையும் புள்ளிகளாகப் பிரித்துவிடலாம். வாசலில் போடும் புள்ளிக் கோலம் மாதிரி, கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து, தேவையானதை மட்டும் கருப்பாக்கினால் எழுத்து கிடைத்துவிடும். இதுதான் டாட் மேட்ரிக்ஸ்.

பழைய அலுவலகங்களில் 'கிர்ர்... கிர்ர்...' என்று சத்தம் போட்ட பிரின்டர் நினைவிருக்கிறதா? அதில் 9 அல்லது 24 ஊசிகள் ரிப்பன் மீது குத்தும். குத்திய இடத்தில் புள்ளி விழும். கார்பன் வைத்தால் ஒரே நேரத்தில் மூன்று நகல்கூட எடுக்கலாம். அதனால்தான் சில அலுவலகங்களிலும் லாரி புக்கிங் ஆபீஸ்களிலும் அது இன்னும் ஓய்வு பெறவில்லை.

தெர்மல் வகையில் ஊசிக்குப் பதில் குட்டி ஹீட்டர்கள். குத்துவதற்குப் பதில் சூடு வைக்கின்றன. அவ்வளவுதான் வித்தியாசம். இந்த வகை பிரின்டரை 1960களில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் ஜாக் கில்பி. 'சிப்' எனப்படும் ஒருங்கிணைந்த மின்சுற்றைக் கண்டுபிடித்ததற்காக 2000ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு பெற்ற அதே கில்பிதான்.

ரகசியம் பேப்பரில்தான் இருக்கிறது

சாதாரண பேப்பரை இந்த மெஷினில் போட்டால் ஒன்றுமே அச்சாகாது. தெர்மல் பேப்பரின் ஒரு பக்கத்தில் ரசாயனப் பூச்சு இருக்கும். அதில் நிறமற்ற ஒரு சாயமும், அதற்கு நிறம் கொடுக்கும் 'டெவலப்பர்' என்ற இன்னொரு பொருளும் பக்கத்துப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். சூடு பட்டதும் உருகி ஒன்றோடு ஒன்று சேர்கின்றன. சேர்ந்த இடம் கருப்பாகிறது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பில்லை நகத்தால் வேகமாகக் கீறுங்கள். உராய்வில் வரும் சூட்டிலேயே கருப்புக் கோடு விழும். கோடு விழவில்லை என்றால் அது பூச்சு இல்லாத பக்கம். கடையில் ரோலைத் தலைகீழாக மாட்டிவிட்டு 'மெஷின் ரிப்பேர்' என்று சொல்லும்போது இந்தச் சோதனை உதவும்.

வடிவமைக்கும்போது முதல் தலைவலி: கரன்ட்

ஆவடி, வெள்ளானூர் பக்கம் இன்ஜினியரிங் காலேஜுக்குப் பஞ்சமில்லை. ஒரு மாணவர் புராஜெக்டுக்காக இப்படி ஒரு பிரின்டர் செய்யப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

பஸ் டிக்கெட் மெஷின் போன்ற கையடக்கக் கருவிகளில் பெரும்பாலும் 58 மி.மீ. அகல பேப்பர். அதில் அச்சாகும் பகுதி 48 மி.மீ. ஒரு மி.மீட்டருக்கு 8 புள்ளி. ஆக, ஒரே வரிசையில் 384 ஹீட்டர்கள். ஹெட் நகராது, பேப்பர்தான் நகரும்.

ஒரு ஹீட்டரின் மின்தடை சுமார் 150 ஓம் என்று எடுத்துக்கொண்டால், 5 வோல்ட்டில் அது இழுக்கும் மின்னோட்டம் 33 மில்லி ஆம்பியர். ரொம்பக் குறைவுதான். ஆனால் 384ஐயும் ஒரே நேரத்தில் ஆன் செய்தால்? கிட்டத்தட்ட 12.8 ஆம்பியர்! சாதாரண செல்போன் சார்ஜர் கொடுப்பதே 2 ஆம்பியர்தான். பேட்டரி மூச்சு வாங்கி, மெஷின் ஆஃப் ஆகி ரீ-ஸ்டார்ட் ஆகிவிடும்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. 384 ஹீட்டர்களை 64 வீதம் 6 அணியாகப் பிரிக்கிறார்கள். ஒரு அணி சூடாகி அணைந்ததும் அடுத்தது. ஒரு நேரத்தில் 2.1 ஆம்பியர் போதும். இது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நடக்கும். ஆனால் ஒரு வரிசை முடிய ஆறு மடங்கு நேரமாகும். சின்ன பேட்டரியா, வேகமா? இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

இரண்டாவது தலைவலி: சூடு

நொடிக்கு 50 மி.மீ. வேகத்தில் பேப்பர் ஓடினால், நொடிக்கு 400 வரிசை. அதாவது ஒரு வரிசைக்குக் கிடைப்பது 2.5 மில்லி நொடி. அதற்குள் ஹீட்டர் சூடாகி, புள்ளி வைத்து, ஆறவும் வேண்டும். ஆறாமல் அடுத்த வரிசைக்குப் போனால் எழுத்து 'வால்' விட்டுப் பூசினாற்போல் வரும்.

இதில் நம்மூர் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. கத்திரி வெயிலில் ஹெட் ஏற்கெனவே சூடாக இருக்கும். மார்கழி அதிகாலையில் குளிர்ந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே அளவு நேரம் சூடு வைத்தால் ஒன்றில் கருகும், இன்னொன்றில் மங்கும். அதனால் ஹெட்டிலேயே 'தெர்மிஸ்டர்' என்ற வெப்ப சென்சார் இருக்கும். அது சொல்லும் வெப்பநிலையைப் பார்த்து, எத்தனை மைக்ரோ நொடி சூடு வைக்கலாம் என்று மெஷின் கணக்குப் போடும். பேட்டரி சார்ஜ் குறையக் குறைய அந்த நேரத்தையும் கூட்ட வேண்டும்.

வடிவமைப்பவர்கள் ரொம்பவே பயப்படுவது ஒன்றுக்குத்தான். மென்பொருள் நடுவில் 'ஹேங்' ஆகி, ஹீட்டர் ஆன் ஆகவே நின்றுவிட்டால் சில நொடிகளில் ஹெட் கருகிவிடும். எனவே மென்பொருளை மட்டும் நம்பாமல், குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் போனால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் தனி சர்க்யூட் வைப்பது வழக்கம்.

தமிழில் பில் அடிப்பது ஏன் கஷ்டம்?

பெரும்பாலான பில் பிரின்டர்களுக்குள் ஆங்கில எழுத்துகள் ஏற்கெனவே பதிந்திருக்கும். 'ஏ' என்று ஒரு பைட் அனுப்பினால் போதும், அகலம் 12, உயரம் 24 புள்ளியில் அதுவே அச்சடித்துவிடும். தமிழ் எழுத்து பல மெஷின்களில் உள்ளே இருக்காது.

தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 'கொ' என்று எழுதும்போது, கணினியில் 'க' முதலில், உயிர்க்குறி பிறகு சேமிக்கப்படுகிறது. அச்சில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, 'க'வுக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என நிற்க வேண்டும். 'ண', 'ஞ', 'ஐ' போன்றவற்றின் சுழிகளும் சின்ன கட்டத்துக்குள் அடங்காது. பழைய மெஷின்களில் இருந்த 5க்கு 7 கட்டத்தில் ஆங்கில எழுத்து தெரியும், 'ண' தெரியாது.

தீர்வு, முழு வரியையும் ஒரு படமாக்கி அனுப்புவது. ஆனால் அதற்கும் விலை உண்டு. 32 எழுத்துள்ள ஆங்கில வரிக்கு 32 பைட் போதும். அதே உயரமுள்ள வரியைப் படமாக அனுப்ப, 24 வரிசை, வரிசைக்கு 48 பைட். மொத்தம் 1,152 பைட். 36 மடங்கு! பழைய 9,600 பாட் வேக இணைப்பில் ஒரு வரி போய்ச் சேரவே 1.2 நொடி ஆகும். பஸ்ஸில் நெரிசலில் நிற்கும் கண்டக்டருக்கு அது பெரிய நேரம். 1,15,200 பாட் வேகத்தில் இது 0.1 நொடியாகக் குறைகிறது. புதிய மெஷின்களில் தமிழ் சரளமாக வருவதற்கு இந்த வேகமும் நினைவகமும் முக்கியக் காரணங்கள்.

தேர்தலையே தாங்கும் சீட்டு

'பில் பிரின்டர்தானே' என்று நினைக்க வேண்டாம். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தோடு இருக்கும் விவிபாட்டும் ஒரு தெர்மல் பிரின்டர்தான். பொத்தானை அழுத்தியதும் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னத்துடன் சீட்டு அச்சாகி, கண்ணாடி வழியே 7 நொடி தெரிந்து, தானாக அறுபட்டுப் பெட்டிக்குள் விழும்.

2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் தொகுதி இடைத்தேர்தலில் இது முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி, சுப்பிரமணியன் சுவாமி தொடர்ந்த வழக்கில், படிப்படியாக விவிபாட் கொண்டுவர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019 மக்களவைத் தேர்தலில் எல்லா வாக்குச்சாவடிகளிலும் இடம்பெற்றது. பெல், இ.சி.ஐ.எல். ஆகிய இரு பொதுத்துறை நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன.

நடுவில் ஒரு பாடமும் கிடைத்தது. 2018 மே மாதம் கைரானா, பந்தாரா-கோண்டியா மக்களவை இடைத்தேர்தல்களில் பல விவிபாட்கள் பழுதாகின. உள்ளே இருக்கும் சென்சார்கள் மீது அதிக வெளிச்சம் பட்டதும் ஒரு காரணம் எனத் தேர்தல் ஆணையம் விளக்கியது. ஜன்னல் ஓரம் மேஜை போட்டால்கூட ஒரு மெஷின் தடுமாறலாம் என்பதை வடிவமைக்கும்போதே யோசிக்க வேண்டும் என்பதுதான் பாடம்.

விவிபாட் சீட்டில் உள்ள அச்சு 5 ஆண்டு வரை நிற்கும் என்கிறது ஆணையம். எண்ணிக்கைக்குப் பிறகு சீட்டுகள் கருப்பு நிற உறைகளில் வைத்து சீல் செய்யப்படுகின்றன. வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும் அல்லவா? நல்ல பேப்பர், இருட்டு. இந்த இரண்டும் இருந்தால் தெர்மல் எழுத்தும் நிற்கும்.

சரி, வீட்டு பில் ஏன் மறைகிறது?

பேப்பரில் சேர்ந்த சாயமும் டெவலப்பரும் மறுபடி பிரிந்தால் கருப்பு போய்விடும். பிரிப்பவை எவை?

• பிளாஸ்டிக் கவர்: பி.வி.சி. பிளாஸ்டிக்கை வளைய வைக்கும் ரசாயனம் மெல்லக் கசிந்து எழுத்தை அழிக்கும். பத்திரம் என்று நினைத்துப் போடும் கவரே எதிரி!
• எண்ணெய், கை கிரீம், சானிடைசர், பசை டேப்.
• வெயில், டியூப் லைட் வெளிச்சம், ஈரப்பதம்.

அதிக சூடு பட்டால் நேர்மாறு. பில் முழுக்கக் கருப்பாகிவிடும். பைக் டேங்க் கவரிலோ கார் டேஷ்போர்டிலோ வைத்த டிக்கெட் கருப்பது இதனால்தான். மங்கிய பில்லை அயர்ன் பண்ணிப் பார்க்கலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

மறைந்தால் என்ன நஷ்டம்?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, பில் தராமல் இருப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பிரச்சினை எழுந்த நாளில் இருந்து 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். ஆனால் கையில் உள்ள பில் அதற்குள் வெள்ளையாகிவிட்டால்? வாங்கியதை நிரூபிப்பதே போராட்டமாகிவிடும்.

சின்னக் கடைக்காரர்களுக்கு இன்னும் சிக்கல். ஜி.எஸ்.டி. பதிவு செய்தவர்கள், ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியில் இருந்து 72 மாதங்களுக்குக் கணக்கு ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். ஆறு வருடம்! சாதாரண தெர்மல் ரோல் அவ்வளவு நாள் தாங்கும் என்று நம்ப முடியாது.

உடலுக்குக் கெடுதலா?

பல தெர்மல் பேப்பர்களில் டெவலப்பராக இருப்பது பிஸ்பெனால் ஏ அல்லது பிஸ்பெனால் எஸ். ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடக்கூடியது என்பதால், தெர்மல் பேப்பரில் எடையில் 0.02 சதவீதமோ அதற்கு மேலோ பிஸ்பெனால் ஏ இருக்கக் கூடாது என ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் தடை போட்டது. ஈரமான சானிடைசர் கையோடு பில்லைத் தொட்டால் இந்த ரசாயனம் உடலில் சேர்வது அதிகரிக்கிறது என அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் கண்டறிந்தனர்.

எப்போதாவது பில் வாங்குபவரைவிட, நாள் முழுக்கக் கிழித்துக் கொடுக்கும் கேஷியரும் கண்டக்டரும்தான் கவனமாக இருக்க வேண்டும். சாப்பிடுவதற்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவுவது, டிக்கெட்டை வாயில் கவ்வாமல் இருப்பது நல்லது. பிஸ்பெனால் இல்லாத ரோல்களும் சந்தையில் கிடைக்கின்றன.

நீங்கள் செய்ய வேண்டியது

• பில் கைக்கு வந்ததும், கடையை விட்டு இறங்கும் முன்பே போனில் போட்டோ எடுத்துவிடுங்கள். கடை பெயர், தேதி, பில் எண், தொகை தெளிவாகத் தெரிய வேண்டும்.
• விலை கூடிய பொருள் என்றால் ஜெராக்ஸ் எடுத்து, அசலோடு சேர்த்து காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம்.
• மெயிலில் அல்லது வாட்ஸ்அப்பில் பில் கேளுங்கள். வாரன்டி கார்டில் தேதி போட்டு முத்திரை வாங்குங்கள்.
• கடைக்காரர்கள், நீண்ட நாள் வைத்திருக்க வேண்டிய பில்லை சாதாரண பேப்பரில் அச்சிடலாம். லேபிள் என்றால், மெழுகு ரிப்பன் பயன்படுத்தும் 'தெர்மல் டிரான்ஸ்ஃபர்' வகை கூடுதல் காலம் நிற்கும்.

இங்க் செலவில்லை, சத்தமில்லை, சட்டென்று அச்சாகும். அதற்காக உருவானதுதான் தெர்மல் பிரின்டர். பல வருடம் பாதுகாப்பது அதன் வேலை இல்லை. அந்த வேலையை போட்டோவுக்கும் ஜெராக்ஸுக்கும் கொடுத்துவிட்டால், வாரன்டி முடிவதற்குள் மிக்ஸி மக்கர் செய்தாலும் கவலை இல்லை.