பொறையாவது யாது?



பொறுமை என்னும் சொல்லை அறியாதார் இலர். இல்லத்தில் மூத்தோரும், வீதியில் நண்பரும், மேடையில் நம்மைப் போன்றோரும் ஓயாது வழங்கும் அறிவுரை, 'பொறுத்துக்கொள்' என்பதேயாம். சொல்லுதல் எளிது. பொருளுணர்ந்து சொல்கின்றோமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு திருக்கோயில் விழாவில் பொறையுடைமை பற்றிப் பேசி மேடையினின்று இறங்கினோம். முதிய அம்மையார் ஒருவர் அணுகி, "ஐயா, என் மகளை அவள் கணவன் நாள்தோறும் அடிக்கிறான். வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று அழுகிறாள். பொறுத்துக்கொள் என்று சொல்லட்டுமா?" என்று கேட்டார். 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்னும் பழமொழியை விடையாகச் சொல்லிவிட்டு நாம் புறப்பட்டோம். மறு ஆண்டு அதே விழாவில் அவரைக் கண்டோம். மகள் கை முறிந்து தாய்வீடு வந்து சேர்ந்திருந்தாள். அம்மையார் நம்மைக் குறை கூறவில்லை. "நீங்கள் சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன் ஐயா" என்று மட்டும் சொன்னார். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பல்லாண்டு படித்த நூல்களை மீண்டும் எடுத்துப் பார்த்தோம்.

பொறுத்தல் என்பதற்குச் சுமத்தல், தாங்குதல் என்பன பொருள். பொறை என்பது பாரத்துக்கும் பெயர். வலிமையுடையவனே பாரத்தைத் தாங்குவான். பாரத்தின் கீழ் நசுங்கிக் கிடப்பவனைத் தாங்குகின்றான் என்று எவரும் சொல்லார். திருவள்ளுவர் பொறையுடைமையை 16ஆம் அதிகாரமாக இல்லறவியலில் வைத்தார். வெகுளாமையை 31ஆம் அதிகாரமாகத் துறவறவியலில் வைத்தார். தன் சினம் பலிக்கும் இடத்தில் அதனைத் தடுப்பவனே உண்மையில் காப்பவன் என்னும் கருத்தை அங்கு முதற்கண் கூறுகின்றார். எனவே, திருப்பித் தாக்க வல்லவன் தாக்காதிருத்தலே பொறை. வேறு வழியின்றி அடங்கியிருத்தல் இயலாமை. இயலாமை குற்றமன்று, நம் இரக்கத்துக்கும் உதவிக்கும் உரியது. அதற்கு அறம் என்று பெயர் சூட்டி, அடிபடுவாரை அங்கேயே இருத்துதல்தான் குற்றம்.

பொறையின் வடிவம் யாதெனின், திருநீலகண்டத்தைக் காண்க. பாற்கடலில் எழுந்த ஆலகால நஞ்சைப் பெருமான் ஏற்றுத் தம் மிடற்றில் நிறுத்தினார். பிறர்க்குத் தீங்கு நேராவண்ணம் தாம் தாங்கியதே அச்செயலின் சிறப்பு. நமக்கு வந்த நஞ்சை நாம் பிறர்மேல் உமிழாது நிறுத்துவோமாயின் அது பொறை. பிறர் வாயில் ஊற்றப்படும் நஞ்சைக் கண்டு வாளாவிருத்தலுக்கு அப்பெயர் சிறிதும் பொருந்தாது.

அங்ஙனமாயின், பொறுமையுடையோர் எதையும் மறுத்தல் கூடாதோ என ஐயுறலாம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணம் இதற்கு விடை தருகின்றது. திருவாமூரில் பிறந்த திலகவதியார், தம்பி மருணீக்கியார் பிற சமயம் புகுந்தபோது அவரை வைதாரல்லர். திருவதிகைத் திருக்கோயிலில் அலகிட்டு, மெழுகி, மாலை தொடுத்து, இறைவனிடம் முறையிட்டுக் காத்திருந்தார். சூலைநோயால் வருந்திய தம்பி ஆளனுப்பி அழைத்தபோதோ, அப்பள்ளிக்கு வாரேன் என்று மறுத்தார். தம்பி தம்மை நாடி வந்தபோது திருநீறளித்து ஏற்றார்.

அத்தம்பியே திருநாவுக்கரசராய்த் திகழ்ந்தார். அரசன் ஆணையென்று அமைச்சர் வந்தழைத்தபோது, அவ்வாணைக்குத் தாம் உட்பட்டவரல்லர் என்று மறுத்தார். பின்னர் அவர்கள் வேண்டிக்கொள்ள உடன் சென்றார். ஏழு நாள் நீற்றறையில் இடப்பட்டார், நஞ்சூட்டப்பட்டார், யானையின் முன் நிறுத்தப்பட்டார், கல்லிற் பிணித்துக் கடலில் எறியப்பட்டார். எவரையும் பகைத்திலர், தம் கொள்கையையும் விட்டிலர். அக்காளும் தம்பியும் பொறுத்தவர்கள். இருவரும் மறுக்க வேண்டியதை மறுத்தவர்கள். பொறுத்தல் வேறு, பணிந்துபோதல் வேறு என்பது இதனால் விளங்கும்.

மற்றொன்றும் நோக்குக. அவர்களைப் பொறுக்குமாறு பிறர் எவரும் ஏவவில்லை. தாமே விரும்பி மேற்கொண்டனர். பொறை ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் நோன்பு. பிறரது உடம்பின்மேல் நாம் சுமத்தும் கட்டளை நோன்பாகாது.

ஆகவே, பொறுமை அறமே என்பதில் ஐயமில்லை. சுற்றத்தார் சுடுசொல், அறியாமையால் இளையோர் செய்யும் பிழை, தரிசன வரிசையில் முன்னே நுழைவாரின் அவசரம் ஆகியவற்றை நாம் பொறுப்போமாக. பொறுத்தபின் நெஞ்சில் கணக்கெழுதி வைக்காதிருப்போமாக. ஆயின், நம் கண்முன் மெலியார் ஒருவர் துன்புறுத்தப்படும்போது, நம் பொறுமையை அங்குக் காட்டற்க. மகள் அழுதுவரின் வாயிலைத் திறந்து வைக்க. குடும்ப வன்முறையினின்று பெண்களைக் காக்க 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் உண்டு. அதன் துணையை நாடுதல் பொறுமைக்கு இழுக்கன்று.

அவ்வம்மையாரிடம், "தவறாகச் சொல்லிவிட்டோம், பொறுத்தருள்க" என்று வேண்டினோம். பலர் கூடிய இடத்தில் நம்மை வைதற்கு அவருக்கு முழு உரிமை இருந்தது. வைதாரல்லர். "இனி வருகிறவர்களுக்கு வேறு விதமாகச் சொல்லுங்கள் ஐயா" என்றார். அவர் பணித்தவண்ணமே இங்குச் சொல்லலாயினோம்.

திருச்சிற்றம்பலம்.